கொப்பியால் மூடி வாசிப்போம்

"விளங்கிச்சா?" என்று கேட்டால் என் தரம் 4 பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் "விளங்கிச்சு டீச்சர்" என்பார்கள். அதனால் அப்படிக் கேட்பதையே விட்டுவிட்டேன். இலங்கையின் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில், பிள்ளைகளையே கேள்வி கேட்க வைக்க இப்போது நான் செய்வது இது.

பாடத்தின் கீழ்ப்பாதியைக் கொப்பியால் மூடச் சொல்லுங்கள். இரண்டு வசனம் வாசித்ததும் நிறுத்துங்கள். முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள், ஆனால் அது உங்களுக்கு உண்மையாகவே விடை தெரியாததாக இருக்கட்டும். தெரிந்துகொண்டே கேட்டால் பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பிறகு பேசாதீர்கள். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இதில் ஆகக் கஷ்டமான வேலை இதுதான். ஐந்தாறிலேயே நமக்கு வாய் துறுதுறுக்கும். எட்டு, ஒன்பதில்தான் பின்வாங்கில் ஒரு கை பாதி உயரும்.

ஒருநாள் நாங்கள் வாசித்த வசனம்: "1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார்." கொழுந்து பறிக்கும் தாயின் மகள் ஒருத்தி எழும்பினாள். "19 ஏக்கரையும் அவரு ஒத்தையாவா நட்டாரு டீச்சர்?"

வகுப்பு சிரித்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. வசனத்தில் இல்லாத ஆட்களை அந்தப் பிள்ளை கண்டுவிட்டாள். முன்பொரு தடவை இப்படிக் கேட்ட பையனிடம் "பாடத்துல இருக்கறத மட்டும் கேளு" என்று சொல்லிவிட்டேன். அந்த வருஷம் முழுக்க அவன் வேறெதுவும் கேட்கவேயில்லை. அது இன்னும் மனதை அறுக்கிறது.

கேள்வியைப் பிள்ளையின் சொல்லிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். திருத்தி எழுதினால் அது டீச்சரின் கேள்வியாகிவிடும். உடனே விடை சொல்லாதீர்கள். விடை பாடத்திலேயே இருக்கிறதா, யோசித்தால் வருமா, வீட்டில் யாரையாவது கேட்க வேண்டுமா என்று அவர்களையே பிரிக்க விடுங்கள். எழும்பிப் பேசக் கூச்சப்படும் பிள்ளைக்கு ஒரு துண்டுக் கடதாசி போதும்.

புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வரும்போது இதற்கெல்லாம் நேரமில்லை என்பார்கள். வாரத்துக்கு ஒரு பாடத்தில், பதினைந்து நிமிடமாவது செய்யுங்கள்.

19 ஏக்கரைக் கேட்ட அந்தப் பிள்ளையின் கேள்வி லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் போனது. மறுநாள் தாத்தா சொன்ன கதையோடு வந்தாள்: இந்தியாவிலிருந்து வந்தவர்கள் மன்னார்ப் பக்கம் கரையிறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த கதை. அதை மூன்று வசனமாகப் பலகையில் எழுதினேன். இரண்டாவதிலேயே நிறுத்திவிட்டு எண்ணத் தொடங்கினேன். நான்கு வருமுன்னே முன்வாங்குப் பையன் கேட்டான்: "அவங்களுக்குச் செருப்பு இருந்துச்சா டீச்சர்?"