விஸ்கி புதிதாய்ப் பழகுவோருக்கு: 30 மில்லியை ஒரு மணித்தியாலம் குடிப்பது எப்படி

மட்டக்களப்பில் ஆவணி மாதப் பகல் 33, 34 பாகை வரை எரிக்கும். அந்தச் சூட்டில் மேசையில் கிடந்த போத்தலைத் திறந்து ஊற்றி மூக்கருகே கொண்டுபோனால் விஸ்கியின் வாசம் வராது. மதுசாரத்தின் காரம்தான் மூக்கில் ஏறும். "இதுவும் சாராயம் மாதிரித்தானே, ஏன் இந்த விலை?" என்று கேட்கிறவர்கள் பெரும்பாலும் அந்தக் காரத்தோடு நின்றுவிட்டவர்கள். விஸ்கியில் பாதிக்கு மேல் மூக்குக்கு உரியது. சூட்டையும் அளவையும் சரிசெய்தால்தான் மூக்கு வேலை செய்யும்.

தொடங்கமுன் ஒன்று. குடிக்காதவர் இதைப் பழகத்தான் வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. குடி தின்ற குடும்பங்கள் எங்கள் ஊர்களில் குறைவில்லை. மதுசாரத்தில் உடம்புக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. இலங்கைச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு விற்கவே கூடாது. கர்ப்பிணிகள், ஈரல் நோயுள்ளவர்கள், நீரிழிவுக் குளிசை அல்லது நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் தொடவேண்டாம். குடிக்கத்தான் போகிறேன் என்று தீர்மானித்தவர் கொஞ்சமாய், மெதுவாய், விளங்கிக் குடிக்கட்டும் என்பதற்காகவே இது.

லேபிளை வாசித்தல்

எங்கள் தென்னஞ்சாராயம் கள்ளில் இருந்து வடிப்பது. பழுக்க வைப்பது பெரும்பாலும் சாவண்டலை மரப் பீப்பாவில். விஸ்கி தானியத்தில் இருந்து வடிப்பது, பழுப்பது ஓக் மரப் பீப்பாவில். ஸ்கொட்ச் என்று பெயர் போடவேண்டுமானால் ஸ்கொட்லாந்திலேயே வடித்து, அங்கேயே ஓக் பீப்பாவில் குறைந்தது 3 வருடம் கிடந்து, குறைந்தது 40 வீத மதுசாரத்தோடு போத்தலில் அடைத்திருக்க வேண்டும். லேபிளில் 12 என்று இருந்தால், உள்ளே கலந்தவற்றில் ஆக இளையதன் வயது அது.

'சிங்கிள் மால்ட்' என்பது ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியில் மட்டும் செய்தது. 'பிளெண்டட்' என்பது மால்ட்டையும் வேறு தானிய விஸ்கியையும் கலந்தது. பிளெண்டட் தரம் குறைந்தது என்ற பேச்சை நம்பவேண்டாம், பழகத் தொடங்க அதுதான் இலகு.

அமெரிக்க விஸ்கியான போர்பனுக்கு எடுக்கும் தானியத்தில் 51 வீதமாவது சோளன் இருக்கவேண்டும், உட்புறம் கரித்த புதுப் பீப்பாவில் பழுக்கவேண்டும். எங்கள் ஆட்களுக்கு முதல் போத்தலாக இதைத்தான் சொல்வோம். அமெரிக்க ஓக் மரத்தில் 'விஸ்கி லாக்டோன்' என்று ஒரு பொருள் இருக்கிறது. அதன் வாசம் அச்சொட்டாகத் தேங்காய். துருவிய தேங்காயின் வாசத்தைப் பிறந்ததில் இருந்து அறிந்த மூக்கு அதை உடனே பிடித்துக்கொள்ளும். மறுகா வனிலா, பாணி, கருகிய சீனி என்று மற்றவை ஒவ்வொன்றாய்த் தெரியவரும்.

ஸ்கொட்லாந்தின் ஐலா தீவு விஸ்கிகளில் பலவற்றைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. பார்லியைப் பீட் என்ற மக்கிய கரிமண்ணின் புகையில் காயவைப்பதால் டெட்டோலும் கரிப்புகையும் கலந்த மணம் அடிக்கும். மூன்றாவது, நாலாவது போத்தலில் அது பிடித்துப்போகலாம்.

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஸ்கொட்சில் கரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது. கரும்புப்பாகில் வடித்த மதுசாரத்துக்கு வாசனை சேர்த்து 'விஸ்கி' என்று விற்பதும் உண்டு, ஆகவே எந்த நாடு, என்ன தானியம், எத்தனை வருடம் என்று தேடுங்கள். மதுவரித் திணைக்கள ஸ்டிக்கர் இல்லாத போத்தலை எவ்வளவு மலிவென்றாலும் வாங்கவேண்டாம். கள்ளப் போத்தலில் மெதனோல் இருந்தால் கண் பறிபோகும், உயிரும் போகும்.

ஆயத்தம்

வயிறு வெறுமையாக இருக்கக்கூடாது. சோறோ புட்டோ சாப்பிட்டு அரை மணித்தியாலம் கழித்து உட்காருங்கள்.

கிளாஸ் அடியில் அகன்று வாயில் ஒடுங்கியதாக இருக்கவேண்டும். அப்போதுதான் வாசம் மேலே திரண்டு நிற்கும். விஸ்கிக் கிளாஸ் இல்லாவிட்டால் சின்ன வைன் கிளாஸ் போதும். சவர்க்கார மணம் போக வெறும் தண்ணீரில் இரண்டு தரம் அலசி, கவிழ்த்துக் காயவையுங்கள்.

அளவு 30 மில்லி. கண்மட்டில் ஊற்றினால் 60க்குப் போய்விடும். பிள்ளைகளின் பாணி மருந்தோடு வரும் கோடு போட்ட மூடியைப் போல ஒன்று இருந்தால் அதில் அளக்கலாம். இல்லையென்றால் 15 மில்லி மேசைக்கரண்டியில் இரண்டு.

ஊற்றிய கிளாசை ஒரு சோசரால் மூடி 10 நிமிடம் பிரிட்ஜில் வையுங்கள். ஸ்கொட்லாந்துக்காரர் 'அறை வெப்பநிலை' என்று சொல்லும்போது அவர்கள் நினைப்பது 18, 20 பாகையை. எங்கள் அறை அதுவல்ல. பிறீசரில் வைத்தால் வாசம் உறைந்து செத்துவிடும்.

தண்ணீரில்தான் பலபேர் கெடுக்கிறார்கள். கடலோரக் கிணற்றுத் தண்ணீரில் உப்பு, குழாய்த் தண்ணீரில் குளோரின். கொதிக்கவைத்து, அகன்ற பாத்திரத்தில் இரவு முழுக்க ஆறவிட்ட குழாய்த் தண்ணீர், அல்லது போத்தல் தண்ணீர் எடுங்கள். பாமசியில் வாங்கும் 5 மில்லி ஊசிக்குழாய் (ஊசி இல்லாதது) அளந்து விட மிக வசதி.

மூக்கு

கிளாசைச் சுழற்றவேண்டாம், அது வைனுக்கு. சுழற்றினால் மதுசார ஆவி பொங்கி மூக்கை மரக்கவைக்கும். மெதுவாய்ச் சரித்து, விளிம்பை மேலுதட்டுக்குக் கிட்டப் பிடித்து, வாயைச் சற்றுத் திறந்தபடி மூச்சை இழுங்கள். வாய் திறந்திருந்தால் காரம் குறையும். எரிந்தால் கிளாசை ஒரு விரற்கடை தள்ளிப் பிடியுங்கள். மூன்று தரம் மணந்துவிட்டு, உங்கள் கையின் தோலை மணந்து பாருங்கள். மூக்கு பழைய நிலைக்கு வந்துவிடும்.

வாழைப்பழமா, தேனா, வறுத்த கஜுவா, சிரட்டைக் கரியா? உங்களுக்குத் தெரிந்த வாசத்தின் பெயரையே வையுங்கள். லேபிளில் எழுதிய வெளிநாட்டுப் பழங்களைத் தேடி அலையவேண்டாம்.

வாய், மறுகா தண்ணீர்

முதல் மடக்கு ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. அது நாக்கைப் பழக்க மட்டும். எரியும், அதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஒரு நிமிடம் பொறுத்து இரண்டாவது. அதை நாக்கில் பரவவிட்டு, ஐந்து எண்ணி விழுங்கி, வாயை மூடி மூக்கால் மூச்சை விடுங்கள். விழுங்கிய பின் வரும் வாசம் முதலில் மணந்ததில் இருந்து வேறாக இருக்கும்.

இப்போது 2 மில்லி தண்ணீர் விட்டு மணந்து பாருங்கள். பிறகு இன்னும் 3. சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் 2017இல் கணினி மாதிரியில் காட்டியது இது: புகை மணம் தரும் குவாயக்கோல், மதுசாரம் கூடினால் உள்ளே அமிழ்ந்து நிற்கிறது, தண்ணீர் கூடினால் மேற்பரப்புக்கு வருகிறது. 40 வீத விஸ்கி 30 மில்லிக்கு 10 மில்லி தண்ணீர் விட்டால் 30 வீதமாகும். தொடங்குபவருக்கு நாங்கள் சொல்லும் அளவு இதுதான். 30 மில்லி விட்டால் 20 வீதம். சில விஸ்கி அதில் தண்ணித்துப்போகும். தண்ணீர் விட்டதும் சற்றுக் கலங்கினால் பயப்படவேண்டாம், குளிர்வடிகட்டல் (குளிரவைத்து வடிகட்டுவது) செய்யாத விஸ்கியில் கொழுப்புப் பொருட்கள் திரள்வதுதான் அது.

மாலையிலும் புழுக்கம் தாங்காவிட்டால் சோடா: 30 மில்லி விஸ்கி, கிளாஸ் நிறையப் பெரிய ஐஸ் கட்டி, நன்றாய்க் குளிர்ந்த சோடா 90 மில்லி, ஒரே ஒரு கலக்கு. கோலாவில் கலந்தால் இனிப்பு காரத்தை மறைத்துவிடும், மூன்றாவது கிளாஸ் எப்போது போனதென்றே தெரியாது. கடிக்க உப்பில்லாத வறுத்த கஜு நல்லது. மிளகாய் போட்ட பொரியலும் கருவாடும் நாக்கை மூடிவிடும்.

30 மில்லியில் இருக்கும் மதுசாரம் ஏறக்குறைய 9.5 கிராம். அதைக் கழிக்க ஈரலுக்கு ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ வேண்டும். கோப்பியோ குளிப்போ அதை விரைவாக்காது. கல்லடிப் பாலம் தாண்டித்தான் வீடு என்றால் மோட்டார்சைக்கிள் சாவியை முதலிலேயே வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். புதிதாய்ப் பழகும் நாளில் ஒரு கிளாஸ் போதும், இரண்டாவது கிளாசில் நாக்கும் மூக்கும் மங்கிவிடும்.

மிச்சப் போத்தலை நிமிர்த்தி வையுங்கள். சரித்தால் மதுசாரம் தக்கையை அரிக்கும். தகரக் கூரைக்குக் கீழே உள்ள அலுமாரி வேண்டாம், வெயில் படாத நிலத்தோர மூலை நல்லது. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே குறைந்தால் சின்னக் கண்ணாடிப் போத்தலுக்கு மாற்றுங்கள், காற்று வாசத்தைத் தின்னும்.

குடித்த கிளாசை அன்றே கழுவாமல், பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் விட்டு, காலையில் எடுத்து மணந்து பாருங்கள். மதுசாரம் முழுக்கப் பறந்துபோய் அடியில் மரமும் வனிலாவும் புகையும் மட்டும் காய்ந்து கிடக்கும். இரவு பிடிபடாத வாசம் ஒன்றாவது அதில் பிடிபடும்.