குளிர்நீரில் கால் மரத்துப்போகாமல் இருக்க நான் செய்த மாற்றங்கள்

ஸ்காட்லாந்தின் டே ஆற்றில் சால்மன் மீன்பிடிப் பருவம் ஜனவரி 15 அன்று தொடங்குகிறது. முதல் ஆண்டு, நீருக்குள் நின்று மீன்பிடிக்க அணியும், மார்பு வரை ஏறும் நியோப்ரீன் (நுரை ரப்பர்) வேடர்ஸ் என்ற நீர்புகா உடைக்குள் இரண்டு ஜோடி பருத்திக் காலுறைகளைத் திணித்துக்கொண்டு இறங்கிய எனக்கு, அரை மணி நேரத்திற்குள் கால்விரல்கள் மரத்துப்போயின. கசிவுதான் காரணம் என்று எண்ணிக் கரையேறித் தையல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். ஓட்டை எதுவும் இல்லை. ஆற்றங்கரை வரை நடந்தபோது சுரந்த வியர்வையைப் பருத்தி அப்படியே பிடித்து வைத்திருந்தது. காலணியின் இறுக்கமோ, குளிரைத் தடுக்க வேண்டிய காற்றை நசுக்கி, இரத்த ஓட்டத்தையும் குறைத்திருந்தது.

இப்போது மெல்லிய செயற்கையிழைக் காலுறையின் மேல் தடித்த மெரினோ கம்பளிக் காலுறை ஒன்றை மட்டும், அதுவும் கரையை அடைந்த பிறகே, அணிகிறேன். கம்பளி சற்று நனைந்தாலும் சூட்டை முழுவதும் இழந்துவிடுவதில்லை. காலணியை ஓர் அளவு பெரிதாக வாங்கினேன். கடையில் இதே காலுறைகளுடன் போட்டுப் பார்த்து, விரல்களைத் தாராளமாக அசைக்க முடிகிறதா என்று உறுதிசெய்துகொண்டேன். அதிகம் நடப்பவன் என்பதால், வியர்வையை ஆவியாக வெளியேற்றும் வேடர்ஸுக்கு மாறி, உள்ளே கம்பளிக் காற்சட்டை அணிகிறேன். ஒரே இடத்தில் நின்று தூண்டில் வீசுபவருக்கு நியோப்ரீனே போதும். எதை அணிந்தாலும் இடுப்புப் பட்டையை இறுகக் கட்டாமல் நான் நீரில் இறங்குவதில்லை.