வாடகை வீட்டை விட்டுப் போகிறீர்களா? உடைந்ததற்கு யார் காசு கொடுப்பது?

யாழ்ப்பாணத்தில், கொக்குவிலில் ஐந்து வருடம் குடியிருந்த வீட்டை விட்டுத் திருநெல்வேலிப் பக்கம் மாறியபோது, கடைசி வாரத்தில் என் நித்திரையைக் கெடுத்தது சாமான் ஏற்றும் வேலை அல்ல. குளியலறையில் கைகழுவும் தொட்டியில் ஓடியிருந்த ஒரு விரல் நீள வெடிப்புத்தான். மேல்தட்டில் இருந்த எண்ணெய்ப் போத்தல் நழுவி விழுந்ததில் வந்தது. "தவறுதலாக விழுந்ததுதானே, ஒன்றும் கேட்க மாட்டார்கள்" என்றார் மனைவி. "புதுத் தொட்டிக்கே காசு கேட்பார்கள்" என்றேன் நான். இரண்டு பேர் சொன்னதும் பிழை.

இலங்கையில் வாடகை விடயங்களுக்கு அடிப்படையாக இருப்பது ரோமன் டச்சுச் சட்டம். வீட்டை எந்த நிலையில் வாங்கினீர்களோ அதே நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அது சொல்கிறது. ஆனால் நியாயமான பாவனையால் வந்த தேய்மானம் உங்கள் கணக்கில் வராது. உங்கள் குற்றம் எதுவும் இல்லாமல் நேர்ந்த சேதமும் வராது. கவனக்குறைவால் வந்தது வரும். அது உங்கள் கையால் நடந்தாலும், பிள்ளைகள், வேலையாள், வந்த விருந்தாளி கையால் நடந்தாலும் ஒன்றுதான். பலர் சறுக்குவது இந்த இடத்தில். 'வேண்டுமென்று செய்யவில்லை' என்பதும் 'என் குற்றம் இல்லை' என்பதும் வேறு வேறு. போத்தலை விளிம்பில் வைத்தது நான்.

படி 1: உடன்படிக்கையைத் தேடி எடுங்கள்

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனாலும் நம்மில் பலரிடம் இருப்பது மடித்து வைத்த ஒரு தாள், அல்லது வெறும் வாய்ப்பேச்சு. தாள் இருந்தால் மூன்று விடயங்களைப் பாருங்கள்: எத்தனை நாள் முன்னறிவித்தல், போகும்போது பெயிண்ட் அடித்துக் கொடுக்க வேண்டுமா, முற்பணம் எந்த வகை.

முற்பணத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று மாதாமாதம் வாடகையில் கழிபட்டு வருவது. நீங்கள் போகும்போது அதில் மிச்சம் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். மற்றது தொடாமல் கிடந்து கடைசியில் திரும்பி வருவது. சேதத்துக்குப் பிடிக்கப் போவது எந்தக் காசில் என்று தெரியாமல் பேசப் போனால் பேச்சு சண்டையில்தான் முடியும்.

படி 2: ஒரு கொப்பியோடு வீட்டைச் சுற்றி நடவுங்கள்

வெளிக்கிடுவதற்கு மூன்று கிழமைக்கு முன், பகல் வெளிச்சத்தில் செய்யுங்கள். ஒரு பக்கத்தைக் கோடு போட்டு மூன்று நிரலாகப் பிரியுங்கள்: வீட்டின் வயது, எங்கள் கை, யாருடைய கையும் இல்லை.

முதல் நிரல்தான் யாழ்ப்பாணத்தில் நிறையும். நம்முடைய கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லுக்குள்ளால் வருவது. குழாய் வாயிலும் குளியலறைத் தரையிலும் வெள்ளைப் படை படியத்தான் செய்யும். மாரியில் சுவர் ஈரம் பிடித்து அடிப்பக்கப் பெயிண்ட் கொப்பளிக்கும், மரக்கதவு ஊதி இறுகும். வெயில் படும் பக்கம் நிறம் மங்கும். இவை எல்லாம் வீட்டின் வயது. படையைத் தேசிக்காய்ப் புளியோ வினாகிரியோ போட்டுத் தேய்த்துவிட்டுக் கொடுப்பது மரியாதை. சீமெந்துத் தரையில் மட்டும் புளியை ஊற்ற வேண்டாம், அது சீமெந்தை அரிக்கும். அழுக்கை எடுக்கப் போய்ப் புதுச் சேதம் ஒன்றை உண்டாக்கியவர்களைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாவது நிரலுக்கு நல்ல உதாரணம் தேங்காய். வளவில் நிற்கும் வீட்டுக்காரரின் தென்னையிலிருந்து தேங்காய் விழுந்து ஓடு உடைந்தால், அது உங்கள் தலையில் விழும் பொறுப்பு அல்ல. மின்னலும் அப்படித்தான். ஆனால் உடைந்த ஓட்டைப் பார்த்தும் சொல்லாமல் விட்டு, ஐப்பசி மழை முழுக்க உள்ளே ஒழுகிச் சீலிங் பலகை உக்கிப்போனால், சீலிங்குக்கு உங்களிடம் கேள்வி வரும். நிலைக்கதவில் ஏறும் கறையானும் இதே கதை. கண்ட அன்றே வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி வைத்தவர் தப்பினார்.

இரண்டாவது நிரலை மறைக்காமல் எழுதுங்கள். பந்து பட்டு உடைந்த யன்னல் கண்ணாடி, கார்த்திகை விளக்கீட்டுக்கு வைத்த சிட்டியால் வாசற்படியில் ஊறிய எண்ணெய், சாமிப் படத்துக்கு அடித்த ஆணி, குசினி மேடையில் சூட்டுச் சட்டி வைத்த கறுப்பு வட்டம், மைத்துனர் மோட்டார் சைக்கிளால் இடித்த கேற்று.

படி 3: வயதைக் கழித்துக் கணக்குப் போடுங்கள்

இது கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய படி. பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த தம்பி ஒருவர், தாங்கி நிரம்பட்டும் என்று தண்ணீர் மோட்டரைப் போட்டுவிட்டு நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டார். ஆவணி மாதம், கிணறு அடியில் கிடக்கிறது. தண்ணீர் குழாய் வாய்க்குக் கீழே இறங்க, மோட்டர் காற்றை இழுத்துச் சூடேறி எரிந்தது. திரும்பி வந்தபோது கிணற்றடியில் கருகல் மணம்.

குற்றம் அவருடையதுதான், அதில் பேச்சில்லை. எவ்வளவு என்பதில்தான் பேச்சு. வீட்டுக்காரர் புது மோட்டர் கேட்டார். எரிந்ததோ ஏழு வருடம் ஓடிய மோட்டர். ஒரு கணக்குக்காகப் புதியதன் விலை 30,000 ரூபாய், இப்படியான மோட்டர் பத்து வருடம் உழைக்கும் என்று வையுங்கள். அப்படியானால் மிச்சம் இருந்தது மூன்று வருட உழைப்பு. பத்தில் மூன்று பங்கு, 9,000 ரூபாய். அதோடு பூட்டுகூலி. வீட்டுக்காரர் இழந்தது பழைய மோட்டர். ஆகவே ஈடும் பழைய மோட்டருக்குத்தான். எரிந்த மோட்டருக்குக் கம்பி மாற்றிச் சுற்றிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. புதிது வாங்குவதற்கு முன் அங்கே ஒரு விலை கேளுங்கள். பல வேளை கணக்கே தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் இந்தக் கழிவு பொருந்தாது. யன்னல் கண்ணாடிக்கு வயது பார்த்துக் கழிப்பது அழகல்ல, புதுக் கண்ணாடி வெட்டிப் போட்டுவிடுங்கள்.

படி 4: சின்னதைச் சரிசெய்யுங்கள், பெரியதைத் தொடாதீர்கள்

ஆணித் துளைக்குப் புட்டி, தளர்ந்த கொண்டிக்கு ஓர் ஆணி, போன மின்குமிழுக்குப் புதியது. இவற்றுக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. சுவரில் ஓர் இடத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் பூச வேண்டாம். மங்கிய சுவரில் அது தேமல் மாதிரித் தெரியும். மின்கம்பி, குழாய், மோட்டர், தரை ஓடு ஆகியவற்றைச் சொல்லாமல் திருத்தினால் "இதைவிட மட்டமான சாமான் போட்டுவிட்டார்கள்" என்று பிறகு ஒரு பேச்சு கிளம்பும்.

படி 5: அவர்கள் காண முதல் நீங்கள் சொல்லுங்கள்

எங்கள் வீட்டுக்காரர் கனடாவில். இங்கே வீட்டைப் பார்ப்பவர் அவருடைய தமக்கை. நான் அவரைக் கூட்டிக்கொண்டு நேரே குளியலறைக்குத்தான் போனேன்.

"அக்கா, இந்த வெடிப்பு எங்களால் வந்தது. போத்தல் விழுந்துவிட்டது. மேசனைக் கேட்டேன், மாற்றத்தான் வேண்டுமாம்."

அக்கா தொட்டியின் அடியைக் குனிந்து பார்த்தார். "இது அப்பா வீடு கட்டியபோது வைத்தது, தம்பி. இதற்கும் வயதாகிவிட்டது" என்றார். கூலி முழுவதும் நான், தொட்டியின் விலையில் பாதி நான் என்று அங்கேயே முடிந்தது. எல்லா அக்காமாரும் இப்படி இருக்க மாட்டார்கள், அது உண்மை. ஆனால் ஒளித்து வைத்த வெடிப்பைத் தாங்களாகக் கண்டுபிடித்த பிறகு, நல்ல அக்காவும் மற்ற அறைகளைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

வீட்டுக்காரர் வெளிநாட்டில் என்றால் இன்னொன்று: இங்கே இருப்பவரோடு பேசி முடித்ததை அன்றிரவே உரிமையாளருக்கும் எழுதி அனுப்புங்கள். இங்கே இருப்பவரிடம் அற்றோர்ணித் தத்துவம், அதாவது உரிமையாளருக்காகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரம், இருக்கிறதா என்று கேட்பதிலும் வெட்கம் வேண்டாம். முற்பணத்தைத் திருப்பித் தரப்போவது யார் என்பது அப்போதுதான் தெளியும்.

படி 6: திறப்புக் கொடுக்கும் நாள்

வீட்டை வெறுமையாக்கி, கூட்டி, கதவுகள் திறந்த நிலையில் ஒவ்வோர் அறையாக வீடியோ எடுங்கள். மின்மானியின் எண்ணையும் படம் எடுங்கள். கடைசி மின்பட்டியல் நீங்கள் போன பிறகுதான் வரும். பிறகு ஒரு தாளில் திகதி, மானி எண், எத்தனை திறப்பு, எந்தச் சேதத்துக்கு எவ்வளவு பிடித்தது, மிச்சம் எவ்வளவு கொடுத்தது என்று எழுதி இரண்டு பேரும் கையொப்பம் இடுங்கள். இரண்டு பிரதி. பிடித்த காசுக்குக் கடைப் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள்.

படி 7: ஒத்துவராவிட்டால்

வழக்கு என்று துள்ள வேண்டாம். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் இப்படியான சிறு தகராறுகளுக்குத்தான் இருக்கின்றன. கட்டணம் இல்லை, தீர்ப்பும் இல்லை. இரு பக்கத்தையும் இருத்தி உடன்பாட்டுக்குக் கொண்டுவருவார்கள். உங்கள் பிரதேச செயலகத்தில் கேட்டால் எந்தச் சபை, எந்த நாளில் கூடுகிறது என்று சொல்வார்கள். கொப்பி, வீடியோ, குடிவந்த நாளில் எடுத்த படங்கள், முற்பணம் கொடுத்த பற்றுச்சீட்டு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். குடிவந்த நாளில் படமே எடுக்கவில்லை என்றால், அந்த நேரம் வீட்டுக்கு வந்த உறவினரின் கைத்தொலைபேசியைக் கிளறிப் பாருங்கள். பால் காய்ச்சிய அன்று எடுத்த படத்தில், அடுப்புக்குப் பின்னால், அந்தச் சுவர் எப்படி இருந்தது என்று தெரியும்.