சூளையில் உருகும் கண்ணாடி: முதல் தட்டைச் செய்வது எப்படி?

கண்ணாடியைச் சூளையில் உருக்கி அழகுப்பொருள் செய்யத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எத்தனை டிகிரியில் கண்ணாடி உருகும் என்பதைத்தான். அதைவிடக் கவனிக்க வேண்டியது, உருகிய கண்ணாடி எப்படி ஆறுகிறது என்பது. என் முதல் தட்டு சூளைக்குள் அழகாகவே உருகியிருந்தது; ஆனால் மீட்டர் 200 டிகிரியைக் காட்டியபோதே ஆவல் தாங்காமல் மூடியைத் திறந்துவிட்டேன். 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது, தட்டு மூலைக்கு மூலை விரிசல் விட்டது. இங்கே நாம் செய்யப்போவது 15 செ.மீ. சதுரத்தில், வண்ணப் பட்டைகள் பதித்த ஒரு குழிவான தட்டு.

கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாக் கண்ணாடியும் ஒரே அளவில் விரிந்து சுருங்குவதில்லை. சூளை வேலைக்கென்று விற்கப்படும் தகடுகளில் 90 அல்லது 96 என்று ஓர் எண் குறிக்கப்பட்டிருக்கும். அது அந்தக் கண்ணாடியின் வெப்ப விரிவு எண். 90 எண் கொண்டதும் 96 எண் கொண்டதும் சூளைக்குள் நன்றாகவே ஒட்டிக்கொள்ளும். ஆனால் குளிரும்போது ஒன்று மற்றொன்றைவிட அதிகமாகச் சுருங்குவதால், இரண்டுக்கும் இடையே இறுக்கம் தங்கி, அன்றோ ஒரு மாதம் கழித்தோ பொருள் தானாகவே விரிசல் விடும். சன்னல் கண்ணாடியையும் பாட்டில் துண்டுகளையும் இவற்றோடு கலக்கக்கூடாது என்பதற்கும் இதுவே காரணம். ஒரே எண், கூடுமானவரை ஒரே தயாரிப்பாளர் என்று வைத்துக்கொள்வது தொடக்கத்தில் பாதுகாப்பானது. கீழே தரும் வெப்ப அளவுகள் 90 எண் கண்ணாடிக்கு உரியவை.

வெட்டுதல்

கண்ணாடிக் கட்டர் உண்மையில் கண்ணாடியை வெட்டுவதில்லை, மேற்பரப்பில் ஒரு கீறலை மட்டுமே போடுகிறது. சக்கரத்தில் சிறிது எண்ணெய் தொட்டு, ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே சீரான அழுத்தத்தில், ஒரே முறை இழுக்க வேண்டும். பட்டுத்துணி கிழிவது போன்ற மெல்லிய சத்தம் தொடர்ந்து வந்தால் கீறல் சரியாக விழுகிறது என்று பொருள். வெள்ளையாகப் பொடி உதிர்ந்தால் அழுத்தம் கூடிவிட்டது. போட்ட கீறலின்மேல் மறுபடியும் கட்டரை ஓட்டினால் சக்கரமும் கெடும், கண்ணாடியும் தாறுமாறாக உடையும். கீறலின் இருபுறமும் கட்டைவிரல்களை மேலேயும் மடக்கிய விரல்களைக் கீழேயும் வைத்து, இரு கைகளையும் வெளிப்புறமாகத் திருப்பினால் கீறலின் வழியே கண்ணாடி பிரிந்துவிடும். பட்டைகளுக்குக் கண்ணாடி உடைக்கும் குறடு வசதியாக இருக்கும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மேசையில் சிதறும் சில்லுகளைக் கையால் தட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

நிறமற்ற 3 மி.மீ. தகட்டில் 15 செ.மீ. சதுரம் ஒன்றையும், அதை முழுவதும் மூடும் அளவுக்கு அதே தடிமனுள்ள வண்ணப் பட்டைகளையும் வெட்டி, சோப்புநீரில் கழுவித் துடையுங்கள். விரல் ரேகை படிந்த இடம் சுட்ட பிறகு மங்கலாகத் தெரியக்கூடும்.

இரண்டு அடுக்கு ஏன்? உருகிய கண்ணாடி தன் பரப்பு இழுவிசையால் ஏறக்குறைய 6 மி.மீ. தடிமனுக்கு வரவே முயல்கிறது. ஒற்றைத் தகட்டை முழுமையாக உருக்கினால் அது உள்நோக்கிச் சுருங்கி ஓரங்கள் கோணலாகும். மூன்று அடுக்கு என்றால் வெளியே வழிந்து பரவும். இரண்டு அடுக்கு வைத்தால் சதுரம் ஏறக்குறைய அதே சதுரமாகவே நிற்கும்.

சூளைத் தட்டும் அடுக்குதலும்

சூளைத் தட்டு என்பது சூளைக்குள் கண்ணாடியைத் தாங்கும் பலகை. வெறும் சூளைத் தட்டில் கண்ணாடியை வைத்தால் அது பிரியாமல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாமலிருக்கப் பூசும் சூளைப் பூச்சுப் பொடி ஒரு பங்குக்கு ஐந்து பங்கு நீர் சேர்த்து, மென்மையான தூரிகையால் திசை மாற்றி மாற்றி நான்கைந்து முறை பூசி, நன்றாகக் காயவிடுங்கள். பொடியைக் கலக்கும்போது முகக்கவசம் அணிய மறவாதீர்கள். சூளைத் தட்டு காய்ந்ததும் சதுரத்தை வைத்து, அதன்மேல் பட்டைகளை இடைவெளியின்றி அடுக்குங்கள்.

சுடுதல்

மணிக்கு 200 டிகிரி செல்சியஸ் வேகத்தில் 670 டிகிரிவரை ஏற்றி, அங்கே 30 நிமிடம் நிறுத்துங்கள். அடுக்குகளுக்கு இடையே உள்ள காற்று மெல்ல வெளியேறுவதற்கான நேரம் இது. இதைத் தவிர்த்தால் பெரிய குமிழ்கள் மாட்டிக்கொள்ளும். பிறகு மணிக்கு 330 டிகிரி வேகத்தில் 805 டிகிரிக்கு ஏற்றி 10 நிமிடம் வையுங்கள். பட்டைகள் மேடாகத் தெரிய வேண்டுமென்றால் 740 டிகிரியை ஒட்டி நிறுத்தினாலே போதும்.

இனிமேல்தான் பொறுமை தேவை. உச்ச வெப்பத்திலிருந்து 482 டிகிரிவரை சூளை தன் போக்கில் வேகமாக இறங்கலாம், இறங்கவும் வேண்டும். 700 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில் நெடுநேரம் கிடந்தால் கண்ணாடியின் மேற்பரப்பு படிகமாகி மங்கிவிடும். 482 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் மையமும் ஓரமும் ஒரே வெப்பத்துக்கு வந்து, உள்ளே இருக்கும் இறுக்கம் தளர்கிறது. அதன்பின் மணிக்கு 80 டிகிரி வீதம் 370 டிகிரிவரை இறக்கி, சூளையை அணைத்துவிட்டு, அறை வெப்பத்தை நெருங்கும்வரை மூடியைத் தொடாதீர்கள். இரவில் சுட்டால் காலையில் திறக்கலாம் என்பது என் வழக்கம்; தூங்கும்போது ஆவல் தொல்லை தராது.

குழிவாக்குதல்

இப்போது கையில் இருப்பது தட்டையான ஒரே வில்லை. பூச்சு பூசிய பீங்கான் அச்சின் நடுவே அதை வைத்து, மணிக்கு 150 டிகிரி வேகத்தில் 650 டிகிரிவரை ஏற்றி 10 நிமிடம் விடுங்கள். அச்சின் அடியில் காற்று வெளியேறச் சிறு துளை இருக்க வேண்டும், இல்லையென்றால் அடியில் சிக்கிய காற்று தட்டை முழுதும் படியவிடாது. முன்பு போலவே 482 டிகிரியில் நிறுத்தி ஆறவிடுங்கள்.

ஆறிய தட்டை, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பிடித்த இரு போலராய்டு தகடுகளுக்கு (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தகடுகள்) நடுவே வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். எங்கும் ஒரே இருட்டாகத் தெரிந்தால் கண்ணாடி இறுக்கமின்றி இருக்கிறது. பட்டைகளின் ஓரத்தில் வெண்ணிற ஒளிவட்டம் கசிந்தால் அந்த இரண்டு கண்ணாடிகளும் ஒத்துப்போகவில்லை. அப்படிப்பட்ட தட்டை அலமாரியின் மேல்தட்டில் வைக்க வேண்டாம்.