சிறு படகை ட்ரெய்லரில் கோணாமல் ஏற்றும் முறை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள சிம்கோ ஏரி போன்ற இடங்களில் 14 அடி அலுமினியப் படகில் மீன்பிடிக்கச் செல்கிறவர்கள், மாலையில் அதைத் திரும்ப ட்ரெய்லரில் ஏற்றும்போதுதான் பெரும்பாலும் தடுமாறுகிறார்கள். நடுவில் அமராத படகின் எடை ஒரு பக்கச் சக்கரத்தின்மேல் கூடுதலாக விழுவதால் அந்த டயர் சூடேறுகிறது. வளைவுகளில் ட்ரெய்லரும் ஒரு பக்கமாகச் சாய்கிறது. என் பார்வையில், இக்கோணலுக்கு முதற்காரணம் படகோட்டியின் கைப்பிசகு அன்று. ட்ரெய்லரைத் தேவைக்கு மேல் ஆழத்தில் இறக்கிவிடுவதே.

கம்பளம் போர்த்திய இரண்டு நீளப் பலகைகள் படகைத் தாங்கும் வகை ட்ரெய்லரை எடுத்துக்கொள்வோம். அப்பலகைகள் முழுவதும் மூழ்கிவிட்டால், படகு எதையும் தொடாமல் மிதந்தபடியே வின்ச் (ட்ரெய்லரின் முன்முனையில் பட்டியைச் சுற்றிப் படகை இழுக்கும் கைப்பொறி) வரை வந்துவிடும். அது எளிதாகத் தோன்றினாலும், முன்பக்கம் மட்டும் பட்டியில் கட்டுண்டிருக்க, பின்பக்கம் காற்று தள்ளும் திசைக்கு ஒதுங்கி நிற்கும்; அந்நிலையில் காரை மேலே நகர்த்தினால், ஒதுங்கிய இடத்திலேயே படகு பலகைமேல் அமர்ந்துவிடும். மாறாக, பலகைகளின் முன்பகுதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நீருக்கு வெளியே இருந்தால், படகின் அணியம் (முன்முனை) அவற்றைத் தொட்டவுடன் அதன் கூர்மையான அடிவடிவமே அதை நடுவுக்குக் கொண்டுவரும். ஆகவே, ட்ரெய்லரை முதலில் ஆழமாக இறக்கிக் கம்பளத்தை நன்றாக நனைத்துவிட்டு, பிறகு மட்கார்டின் மேல்விளிம்பு நீர்மட்டத்தை ஒட்டித் தெரியும் வரை முன்னே இழுத்து நிறுத்துங்கள். படகு இறக்கும் தளத்தின் சரிவு துறைக்குத் துறை மாறும் என்பதால் இது தொடக்க அளவு மட்டுமே. ஒரு துறையில் சரியாக அமைந்த ஆழத்தை அத்துறைக்கென நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காரும் ட்ரெய்லரும் ஒரே நேர்க்கோட்டில் நிற்பதும், இரண்டு சக்கரங்களும் ஒரே மட்டத்தில் இருப்பதும் அவசியம். மோட்டாரை முடுக்கிப் படகை ட்ரெய்லரில் ஏற்றும் பழக்கத்தை நான் வலுவாக எதிர்க்கிறேன். உந்துவிசிறி கிளப்பும் நீரோட்டம் தளத்தின் முனையில் மண்ணை அரித்துப் பள்ளமாக்குகிறது, அதில் ஒரு சக்கரம் இறங்கினால் அடுத்து வருபவரின் படகு எப்படி ஏற்றினாலும் சாய்ந்துதான் அமரும்.

பக்கக்காற்று வீசும்போது படகின் பின்பக்கத்தில் ஒரு கயிற்றைக் கட்டி, காற்று வரும் பக்கத்தில் நிற்பவரிடம் கொடுங்கள். எதிர்ப்பக்கத்தில் நிற்பவரால் கயிற்றை இழுத்துப் படகை நடுவுக்குக் கொண்டுவர முடியாது என்பதைப் பலர் அவசரத்தில் மறந்துவிடுகிறார்கள். காரின் கைத்தடையைப் போட்டு, மோட்டாரைத் தூக்கிவைத்த பிறகு, பட்டியின் கொக்கியை அணிய வளையத்தில் மாட்டி, வின்ச்சை மெதுவாகச் சுழற்றுங்கள். இறுகிய பட்டியின் நேரே யாரும் நிற்கக் கூடாது. அணியம் வின்ச்சை ஒட்டியுள்ள ரப்பர்க் கட்டையில் நன்கு பொருந்தும் வரை இழுக்க வேண்டும். இடைவெளி விட்டால் எடை பின்னோக்கிச் சரிந்து, ட்ரெய்லரைக் காருடன் இணைக்கும் கொக்கியின்மேல் விழ வேண்டிய சுமை குறைந்துவிடும். மொத்த எடையில் ஏறக்குறைய 10 சதவீதமாவது அங்கு விழாவிட்டால், சாலையில் ட்ரெய்லர் வால்போல் ஆடத் தொடங்கும்.

பாதுகாப்புச் சங்கிலியை மாட்டியபின் காரை ஓரடி, ஈரடியாக மட்டும் நகர்த்தி, பின்பக்கம் பலகையில் அமரும் தருணத்தைக் கவனியுங்கள். செங்குத்தான சரிவில் அணியம் அமர்ந்த பின்னும் பின்பக்கம் வெகுநேரம் மிதந்துகொண்டிருக்கும் என்பதால், கயிற்றைப் பிடித்திருப்பவர் அதுவரை விடக் கூடாது. பிறகு பின்னால் நின்று, இரண்டு பக்கமும் படகுக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை ஒப்பிடுங்கள். வேறுபாடு கண்ணுக்குத் தெரிந்தால், திடீர்த் தடை போட்டுப் படகை உலுக்கித் திருத்த முயல வேண்டாம். பின்பக்கம் மட்டும் மிதக்கும் அளவுக்கு மீண்டும் இறக்கி, கையால் தள்ளிச் சரிசெய்து, மறுபடி மேலேற்றுங்கள். இதற்கு இரண்டு நிமிடம் போதும்.

தளத்தை விட்டு விலகி நிறுத்தியபின் படகின் பின்மூலைகளைப் பட்டிகளால் கட்டுங்கள். ஒன்ராறியோவில் 2022 சனவரி 1 முதல், படகைச் சாலைவழியே கொண்டுசெல்லும் முன் வடிகால் அடைப்பானைக் கழற்றி நீரை வடிப்பதும், ஒட்டியுள்ள நீர்த்தாவரங்களை அகற்றுவதும் சட்டப்படி கட்டாயம். பலகைக்கும் படகுக்கும் நடுவே சிக்கிய பாசியையும் அப்போதே பிடுங்கி எடுத்துவிடுங்கள்.