பிறந்த பிள்ளை மஞ்சளாக் கிடந்தா என்ன செய்யிறது

பிள்ளை பிறந்து ரெண்டாம் மூண்டாம் நாள் முகம் மஞ்சளாத் தெரிஞ்சா செங்கண்மாரி எண்டு வீடே பதகளிக்கும். பெரியாக்களுக்கு வாறது வேற, இது வேற. நிறைமாசத்தில பிறந்த பிள்ளையளிலயே அரைவாசிக்கு மேல இப்பிடி வரும். பிறந்த உடன பழைய சிவப்பணுக்கள் நிறைய உடைய, அதில இருந்து வாற பிலிருபின் எண்ட மஞ்சள் சாயத்தை வெளிய தள்ள அந்தச் சின்ன ஈரலுக்கு இன்னும் பலம் காணாது. மூண்டாம் அஞ்சாம் நாள் மட்டும் கூடி, ரெண்டு கிழமைக்குள்ள தன்பாட்டில குறையும். ஆனா பிறந்து 24 மணித்தியாலத்துக்குள்ளயே மஞ்சள் தெரிஞ்சா அது சாதாரணமில்லை, உடன டொக்டரிட்டக் காட்டோணும். தாயின்ர இரத்தம் ஓ குரூப் எண்டாலும், நெகட்டிவ் குரூப் எண்டாலும், பிள்ளை மாசம் குறையப் பிறந்திருந்தாலும் கூடக் கவனம்.

முதல் வேலை பிள்ளையை வெளிச்சத்தில பாக்கிறது. துடக்கு எண்டு சொல்லி 31ம் நாள் மட்டும் தாயையும் பிள்ளையையும் யன்னல் சாத்தின அறைக்குள்ள வைக்கினம், அந்த இருட்டில என்ன மஞ்சள் தெரியப்போகுது சொல்லுங்கோ. பகலில யன்னலைத் திறந்து, உடுப்பைக் கழட்டி, நெத்தி, நெஞ்சு, வயிறு, கால் எண்டு விரலால மெல்ல அமத்தி எடுத்துப் பாருங்கோ. மஞ்சள் முகத்தில தொடங்கிக் கீழ இறங்கும், கால் மட்டும் வந்திட்டுது எண்டா நல்லாக் கூடிட்டுது. எங்கட நிறத்தில தோல் ஏமாத்தும், கண்வெள்ளையையும் வாய்க்குள்ள பல்முரசையும் பாருங்கோ. எண்டாலும் எவ்வளவு எண்டு கண்ணால சொல்லேலாது, இரத்தம் குத்திப் பாத்தாத்தான் தெரியும், மிட்வைஃப் அக்கா வீட்டுக்கு வரேக்க கட்டாயம் காட்டுங்கோ.

வீட்டில செய்யிற வைத்தியம் தாய்ப்பால்தான். பிலிருபின் மலத்தோடதான் வெளிய போகும், அதால நாளுக்கு 8 தொடக்கம் 12 தரம் குடுங்கோ, நித்திரை கொண்டாலும் எழுப்பிக் குடுங்கோ. அஞ்சாம் நாளுக்குப் பிறகு 6 தரமாவது சலம் போகோணும். குளுக்கோஸ் தண்ணி, கீழ்க்காய்நெல்லிச் சாறு ஒண்டும் வேண்டாம். பூச்சி உருண்டை போட்டு வைச்ச பழைய உடுப்பும் போடாதேங்கோ, ஜி6பிடி குறைபாடு (சிவப்பணுவைக் காக்கிற ஒரு நொதியம் பிறப்பிலயே குறைஞ்சிருக்கிறது) உள்ள பிள்ளையளுக்கு அந்த மணமே சிவப்பணுவை உடைக்கும்.

வெயிலில பிடிச்சாச் சரி எண்டு அம்மம்மாமார் சொல்லுறது முழுப்பொய் இல்லை. 1950களில இங்கிலாந்தில ஒரு ஆஸ்பத்திரியில வெயில் பட்ட பிள்ளையளுக்கு மஞ்சள் குறைஞ்சதைக் கவனிச்சுத்தான் இப்ப இருக்கிற நீல லைற் வைத்தியமே வந்தது. ஆனா எங்கட வெயிலுக்கு அளவு சொல்லேலாது, பச்சைப்பிள்ளையின்ர தோல் எரியும், உடம்பில தண்ணியும் வத்தும். லைற்றுக்குக் கீழ வைக்கோணும் எண்டு டொக்டர் சொன்னா மறுக்காதேங்கோ, கண்ணைக் கட்டித்தான் வைப்பினம், இடையில பாலும் குடுக்கலாம்.

பிள்ளை பால் குடியாம சோர்ந்து துவண்டு கிடந்தா, கீச்சுக்குரலில அழுதா, முதுகை வில்லா வளைச்சா, காய்ச்சல் காய்ஞ்சா விடியட்டும் எண்டு இருக்காம 1990க்கு அடிச்சு அம்புலன்ஸைக் கூப்பிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்கோ. பிலிருபின் மூளைக்கு ஏறினா காது கேளாமப் போகும், கைகால் இயக்கமும் பழுதாகும், பிறகு திருப்பேலாது.

ரெண்டு கிழமை தாண்டியும் மஞ்சள் நிண்டா கக்காவின்ர நிறத்தைப் பாருங்கோ. தாய்ப்பால் குடிக்கிற சில பிள்ளையளுக்குச் சும்மாவும் கனநாள் நிக்கும், எண்டாலும் ஒருக்காக் காட்டோணும். கக்கா வெளிறிச் சுண்ணாம்பு நிறத்தில போய், சலம் கடும் மஞ்சளாப் போனா பித்தக்குழாய் அடைப்பா இருக்கலாம், அதுக்கு ரெண்டு மாசத்துக்குள்ள ஒப்பரேஷன் செய்தாத்தான் பலன் கூட, அதால அடுத்த கிளினிக் மட்டும் பாத்துக்கொண்டு இருக்காம அண்டைக்கே கொண்டு போங்கோ.