பிழைச் செய்தியே தராத பிழை: பிஎச்பி 7.4-இலிருந்து 8-க்கு

பல ஆண்டுகளாகப் பலர் கைபட்டு வளர்ந்த கட்டண வசூல் செயலி அது. அது எழுதப்பட்ட பிஎச்பி நிரல்மொழியின் 7.4 பதிப்புக்கான ஆதரவு 2022 நவம்பரில் முடிந்ததால் 8-க்கு மாற்றினோம். ஒரு பிழைச் செய்தியும் இல்லை. ஆனால் நிலுவைப் பட்டியலில் பல பெயர்களைக் காணோம்! சத்தம் போடாத பிழைதான் உயிரை வாங்கும்.

காரணம் இரட்டைச் சமக்குறி (==), அதாவது வகை வேறானாலும் மதிப்புகளைத் தளர்வாக ஒப்பிடும் குறி. தொகைப் பெட்டி காலியாக இருந்தால், காலிச் சரமும் (எழுத்தே இல்லாத உரை மதிப்பு) எண் 0-வும் சமம் என்றே பழைய பதிப்புகள் கொண்டன. 8.0 முதல் அவை சமமல்ல; அதனால் தொகை 0-வா என்று பார்த்த நிபந்தனையில் காலிப் பெட்டிக்காரர்கள் சிக்கவில்லை.

எல்லாவற்றையும் புதிதாக எழுதலாம் என்றார் மேலாளர், நான் மசியவில்லை. ஒரே தரவை இரு பதிப்புகளிலும் ஓட்டி, வெளியீடுகளை வரிவரியாக ஒப்பிட்டேன். வேறுபட்ட இடங்களில் வகையும் ஒன்றா என்று பார்க்கும் மூன்று சமக்குறி (===) போட்டால் மட்டும் போதாது: படிவத்திலிருந்து வருவதெல்லாம் சரம் என்பதால், "0" கூட எண் 0-வுடன் பொருந்தாது. எனவே மதிப்பை முதலில் எண்ணாக்கி, பிறகு ஒப்பிட்டேன்.

நிரலை ஓட்டாமலே பிழை தேடும் பிஎச்பிஸ்டான் கருவி பழைய நிரல்மீது அடுக்கிய புகார்களை, கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியலான பேஸ்லைன் கோப்பில் ஒதுக்கிவைத்தோம். புதிய பிழை வந்தால் மட்டும் தடுக்கும். பணம் தொடாத அறிக்கைப் பக்கங்களில் பழைய சமக்குறிகள் இன்னும் இருக்கின்றன, இப்போதைக்கு இருக்கட்டும்.